அத்தா ஆடிய டென்னிஸ்

எங்கள் அத்தாவுக்கு டென்னிஸ் எல்போ வந்தபோது, அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட டென்னிஸ் மட்டையைத் தொட்டிருக்கவில்லை. மலேசியாவின் பொந்தியான் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் சாப்பாட்டுக் கடையில் காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணிவரை ரொட்டி சானாய் வீசுவது ஒன்றுதான் அவர் அறிந்த ஆட்டம். மாவு உருண்டையை எண்ணெய் மேசையில் வைத்துத் தட்டுவார். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி வீசுவார். மூன்றாவது வீச்சில் மாவு விரிந்து, அதன் வழியே மேசையில் இருக்கும் கீறல்கள் தெரியும். அவர் வீசும்போது பேச மாட்டார். ஆனால் எந்த மேசைக்கு எத்தனை முட்டை ரொட்டி என்பதை ஒருநாளும் மறந்ததில்லை.

அவருடைய மகளான எனக்கு அப்போது ஒன்பது வயது. வலி எப்போது தொடங்கியது என்பதை அத்தா யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாகக் கண்டுபிடித்ததுதான். நோன்புப் பெருநாள் முடிந்து கடை திறந்த சில நாட்களில், ஊறுகாய் போத்தலின் மூடியைத் திறக்கும்படி அம்மாவிடம் கொடுத்தார். அதுவரை அந்த வீட்டில் மூடி திறப்பது அவருடைய உரிமையாக இருந்தது. பிறகு மேசை துடைக்கும் துணியைப் பிழியாமல் ஈரத்தோடு காயப்போட்டார். தொழுதுவிட்டு எழும்போது இடது கையை மட்டும் ஊன்றி எழுந்தார். வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை அடிக்கடி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல, சுளுக்கு" என்பார். ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று உருட் எனும் மலாய் முறையில் உடம்பு நீவிவிடும் ஒருவரிடம் போய் அரை மணி நேரம் அந்த இடத்தையே அழுத்தி நீவிக்கொண்டு வந்தார். மறுநாள் தேநீர் ஜாடியை அவரால் தூக்க முடியவில்லை.

அதன் பிறகு ஒரு காலையில் ரொட்டி பறந்தது. எப்போதும் பறப்பதுதான், அன்று திரும்பி வரவில்லை. இரண்டாவது வீச்சில் அத்தாவின் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. மாவு பாதி விரிந்த நிலையில் போய், வழக்கமாக வரும் தபால்காரரின் தோளில் சால்வையைப் போல விழுந்தது. அவர் நல்ல மனிதர். அதை மெதுவாக உரித்து எடுத்து, மடித்து, தட்டில் வைத்தார். மாவு பிசைந்துகொண்டிருந்த மாமா வாய்விட்டுச் சிரித்தார். மாமா என்பது அம்மாவின் தம்பி. கடையில் மாவு பிசைவதும் சிரிப்பதும் அவருடைய பொறுப்பு. அத்தா சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், யாரோ அதை மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல. பிறகு அடுப்பை அணைத்தார். கடை நடக்கும் நேரத்தில் அந்த அடுப்பு அணைந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

"இன்னிக்கே கிளினிக்குக்குப் போறோம்" என்றார் அம்மா. பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன்.

டாக்டர் இளம்பெண், மலாய்க்காரர். முழங்கையின் அந்த எலும்பை ஒரு விரலால் தொட்டார். அத்தா மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு டாக்டர், கையை நீட்டி, முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கச் சொன்னார். தூக்கிய கையைத் தன் கையால் கீழே தள்ளினார். மூன்று விரல்தான் வைத்துத் தள்ளினார். முப்பது கிலோ மாவு மூட்டையைத் தோளில் போடும் அத்தாவின் கை தொங்கிவிட்டது.

மணிக்கட்டைத் தூக்கும் தசைகளெல்லாம் மேலே வந்து ஒரே நாராகச் சேர்ந்து அந்த எலும்பில் ஒட்டியிருக்கின்றன என்றும், ஒரே அசைவை நாள் முழுவதும் வருடக்கணக்கில் செய்தால் அந்த நார் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகும் என்றும் டாக்டர் தன் கையிலேயே காட்டி விளக்கினார். அதற்குப் பெயர் டென்னிஸ் எல்போ என்றார்.

அத்தா என் பக்கம் குனிந்தார். "என்னா சொல்றாங்க? டென்னிஸா?"

நான் தலையாட்டினேன். இந்த நோவோடு வருகிறவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் குறைவு, தச்சர்களும் சுவருக்குச் சாயம் அடிப்பவர்களும் சமையல்காரர்களும் துணி பிழியும் பெண்களும்தான் அதிகம் என்று டாக்டர் தொடர்ந்து சொன்னார். அதுவும் என் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு வேண்டியது முன்பே கிடைத்துவிட்டது.

ஆறு வாரம் ரொட்டி வீசக் கூடாது என்றார்கள். அத்தா ஊசி போட்டு உடனே சரிசெய்துவிட முடியுமா என்று கேட்டார். ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும், பிறகு பலருக்கு வலி திரும்பி வந்துவிடுகிறது, முதலில் ஓய்வும் பயிற்சியும்தான் என்று டாக்டர் சொல்லி, மருத்துவமனையில் பிசியோவுக்கு எழுதிக்கொடுத்தார்.

பிசியோ ஒரு தமிழ் அக்கா. உலு திராமிலிருந்து மாற்றலாகி வந்தவர். கறுப்பு நிறப் பட்டை ஒன்றை முழங்கைக்கு இரண்டு விரல் கீழே கட்டிவிட்டு, அத்தாவின் முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டுக்கு அப்பால் உள்ளது மட்டும் வெளியே தொங்கும்படி செய்தார். உள்ளங்கை கீழே பார்த்தபடி ஒரு சிறு பளு.

"இத தூக்குறதுக்கு இந்தக் கை வேணாம் அங்கிள். இடது கையால தூக்கி விடுங்க. எறக்குறதுதான் வலது கையோட வேல. மெதுவா. நாலு எண்ற வரைக்கும் எறக்கணும்."

"தூக்காம, எறக்குறது மட்டுமா?"

"ஆமா அங்கிள். எறக்க எறக்கத்தான் அந்த நாருக்குப் பலம் வரும். பதினஞ்சு தடவ, மூணு சுத்து, தெனமும். வீட்டுல அரைக் கிலோ இருக்கிற எதுனா இருந்தா போதும்."

எங்கள் கடையில் அரைக் கிலோ இருக்கிற பொருள் ஒன்று சுவர் முழுக்க அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தேநீருக்கு ஊற்றும் கெட்டிப்பால் டின். அன்றிலிருந்து மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் அத்தா ஓரத்து மேசையில் கையை வைப்பார், டின்னைப் பிடிப்பார், நான் எதிரில் உட்கார்ந்து எண்ணுவேன். முடிந்ததும் ஐஸைத் துண்டில் சுற்றி முழங்கையில் வைத்துக்கொள்வார்.

ரொட்டிக் கல் மாமாவிடம் போனது. அவர் வீசியவை ரொட்டிதான், சுவையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் மேல் என்று கேட்டார். அத்தா கல்லாவில் உட்கார்ந்து, பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வலது கை மேசைக்கு அடியில் தானாக ஒரு சின்ன வெட்டு வெட்டும். உடனே முகம் சுருங்கும். ஒருமுறை அவர் அடுக்களையில் அம்மாவிடம், "வராமலே போயிட்டா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்து நறுக்கினார். யார் வராமல் போவது என்று எனக்கு விளங்கவில்லை. விருந்தாளிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

எனக்கோ அவை நல்ல நாட்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூட வேனில் வருவேன். இப்போது அத்தாவே காரில் வந்து கூட்டிப்போனார். வாசலில் கையில் கறுப்புப் பட்டையோடு நின்றார். அந்தக் கை மெதுவாகவே குணமாகட்டும் என்று நான் துஆ கேட்காவிட்டாலும், சீக்கிரம் குணமாகட்டும் என்றும் கேட்கவில்லை.

என்னோடு படித்த தோழி ஒருத்தியின் அப்பா இளம் வயதில் மாவட்டக் கால்பந்துக் குழுவில் கோல்கீப்பராக இருந்தவர். அவர் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. வகுப்பில் யாரும் அதைக் காணாமல் இருக்க அவள் விட்டதில்லை. அவள்தான் பட்டையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள்.

"டென்னிஸ் எல்போ" என்றேன்.

"அப்போ உங்க அத்தா டென்னிஸ் வெளையாடுவாங்களா?"

நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று அவள் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் முடிவதற்குள் அத்தா ஜோகூர் மாநிலத்துக்கு ஆடியிருந்தார். அடுத்த வாரம் சிங்கப்பூரில் ஒரு கோப்பை வாங்கினார். அந்தக் கோப்பையை நான் கொடுக்கவில்லை, பின்வரிசைப் பையன்கள் கொடுத்தார்கள். நான் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான். இடைவேளையில் எனக்குப் பெஞ்சியில் இடம் பிடித்து வைத்தார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கடைக்கு வந்தார். உண்மையில் அவர் கணித ஆசிரியர். ஆள் இல்லாததால் விளையாட்டும் அவர் தலையில் விழுந்திருந்தது. நான் பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் நேராகக் கல்லாவுக்குப் போனார்.

"அண்ணே, நீங்க ஜோகூருக்கு டென்னிஸ் வெளையாடினவங்களாமே. பிள்ளைங்க சொல்றாங்க. நம்ம ஸ்கூலுக்கு ஒரு பெட்டி டென்னிஸ் மட்டை வந்து கெடக்கு. எனக்கு அத எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாதுலா. சனிக்கிழம ஒரு மணி நேரம் வந்து சொல்லிக் குடுத்தீங்கன்னா போதும்."

மாமாவின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. வாயைத் திறந்தார். என் பென்சில் 'ழ'வின் நடுவில் நின்றது. அத்தா என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததுபோல இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

"பெருசா ஒண்ணுமில்ல சார்" என்றார். "கை வேற இப்படி இருக்கு."

"நீங்க அடிக்க வேணாம்ணே. சொல்லிக் குடுத்தா போதும்."

அத்தா மறுபடி என்னைப் பார்த்தார். "சரி சார். வரேன்."

ஆசிரியர் தேநீர் குடித்துவிட்டுப் போனார். மாமா ஏதோ சொல்ல வந்தார். அத்தா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி மாவு பிசையத் தொடங்கினார். நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அத்தா வழக்கம்போல ஓரத்து மேசைக்கு வந்து, டின்னைப் பிடித்து, என்னை எண்ணச் சொன்னார். பன்னிரண்டு வரை வந்தபோது அவர் டின்னைப் பார்த்தபடியே கேட்டார்.

"டென்னிஸ்ல எத்தன பேரு ஆடுவாங்க?"

"ரெண்டு பேரு அத்தா. சில நேரம் நாலு பேரு."

"நடுவுல வலை இருக்குமில்ல?"

"இருக்கும்."

"ம். எண்ணு."

சனிக்கிழமை காலை திடலில் முப்பது பிள்ளைகள் நின்றோம். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வலை கட்டியிருந்தது. அத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். மட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அவற்றை அப்படியே பெட்டியில் இருக்கட்டும் என்றார்.

"மட்டைய எடுக்கறதுக்கு முன்னாடி கை தயாராவணும். எல்லாரும் தண்ணிப் போத்தல் எடுத்துக்கிட்டு கண்டீனுக்கு வாங்க."

முப்பது பேரும் சிற்றுண்டிச் சாலை மேசைகளின் ஓரத்தில் முன்கையை வைத்து, தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தோம். இன்னொரு கையால் தூக்கினோம். நாலு எண்ணி இறக்கினோம். அத்தா மேசை மேசையாக நடந்து, "மெதுவா, மெதுவா, எறக்கறதுதான் முக்கியம்" என்றார். அவசரப்பட்ட கைகளைத் தொட்டு நிறுத்தினார். ஆசிரியர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மட்டையைக் கொடுத்தார்கள்.

"மாவ..." என்று தொடங்கிய அத்தா இருமினார். "மட்டைய இறுக்கிப் புடிக்கக் கூடாது. இறுக்கிப் புடிச்சா வலி நேரா முழங்கைக்குப் போவும். விரல் சும்மா புடிச்சிருக்கணும். வீசுறது தோள். மணிக்கட்டு கடைசியிலதான் வரணும்."

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பின்னாளில் பயிற்சி பெற்றவர்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன், அவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். பிள்ளைகள் வீசினார்கள், பந்துகள் எல்லாப் பக்கமும் போயின. இன்னும் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அப்போதுதான் கோல்கீப்பரின் மகள், "அங்கிள், ஒரு தடவ நீங்க அடிச்சுக் காட்டுங்க" என்றாள்.

"வேணாம்மா, அண்ணனுக்குக் கை சரியில்ல" என்றார் ஆசிரியர். அவள் என் காதருகே வந்து, "உங்க அத்தாவுக்கு நெசமாவே ஆடத் தெரியுமா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அத்தா மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

நான் அத்தாவைப் பார்த்தேன். என் முகமே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தா கீழே கிடந்த மட்டையை இடது கையால் எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வலது கைக்கு மாற்றினார். பட்டையைச் சற்று இறுக்கிக்கொண்டார். "போடுங்க சார்" என்றார்.

ஆசிரியர் மெதுவாகப் பந்தைப் போட்டார். அத்தா அதற்குக் குறுக்கே திரும்பி நின்றார். முழங்கை மடிந்தது, தோள் சுழன்றது, கடைசியில் மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டியது. எனக்குத் தெரிந்த வீச்சு. பிறந்ததிலிருந்து காலைதோறும் பார்த்த வீச்சு. பந்து வலைக்கு மேலே, எங்கள் தலைகளுக்கு மேலே, கோடு கிழித்ததுபோல நேராகப் போய், திடலுக்கு அப்பால் இருந்த மண்டபச் சுவரில் மோதியது. முப்பது பேரும் கத்தினோம். ஆசிரியர் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினார். கோல்கீப்பரின் மகளும் தட்டினாள், அதை நான் உறுதியாகப் பார்த்துக்கொண்டேன்.

அத்தா மட்டையை இடது கையால் திருப்பிக் கொடுத்தார். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காரில் ஏறியதும், "சாவிய நீ திருப்பும்மா" என்றார். ஒன்பது வயதில் கார் கிளப்பும் உரிமை எனக்குக் கிடைத்தது. வெற்றி பெற்றவர்கள் தாராளமாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் ஒற்றைக் கையால் ஓட்டினார். வீட்டில் அம்மா அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஐஸ் எடுத்து வந்து முழங்கையில் வைத்து, அது கரையும் வரை தானே பிடித்துக்கொண்டிருந்தார். மாமா முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலும், அம்மா எதுவும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. நான் அந்தப் பந்து எவ்வளவு தூரம் போனது என்று அவரிடம் கையை விரித்துக் காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிசியோ அக்கா அத்தாவின் மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. டின் இல்லாமலே முடியவில்லை. அக்கா புருவத்தைச் சுருக்கினார்.

"போன தடவ நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சே அங்கிள். என்னா செஞ்சீங்க?"

"டென்னிஸ் வெளையாண்டேன்" என்றார் அத்தா.

அக்கா சிரித்தார். சிரித்து முடிக்க நேரமானது. "மாவு மூட்டய தூக்கினேன்னு நேரா சொல்லுங்க அங்கிள். நான் திட்ட மாட்டேன்." அட்டையில் எதையோ அடித்துவிட்டு, வேறு எழுதினார். எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இரண்டு வாரம் பளுவே கூடாது, வெறும் கைதான் என்றார். அத்தா மறுபடி ரொட்டிக் கல் முன்னால் நிற்க அதன்பின் மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மாமாவின் ரொட்டிகள் வட்டமாகிவிட்டன. பிறகு இருவரும் ஆளுக்கு மூன்று நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். அத்தாவின் கை நன்றாகவே திரும்பி வந்தது. இன்றும் ஊறுகாய் போத்தலை அவர்தான் திறக்கிறார்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, எனக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது. காரின் சாவியைத் திருப்பிவிட்டு அதைக் கேட்டேன்.

"அத்தா, எடது கையில நோவே இல்லையே. அன்னிக்கு ஏன் எடது கையால அடிக்கல?"

அவர் பின்னால் பார்த்து வண்டியை மெதுவாக எடுத்தார். "எடது கையில அடிச்சா பந்து நேரா போவாதும்மா" என்றார். "அவ்வளவு பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்கல்ல."

இதை நான் ஆட்ட நுணுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வகுப்பில் இடது கைப் பழக்கம் உள்ள பையன் ஒருவன் இருந்தான். மறுநாள் இடைவேளை முழுவதும் அவனை நிற்க வைத்து, எங்கள் அத்தா சொல்லிவிட்டார் என்று, மட்டையை வலது கைக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.